சாக் சேவை இருந்தும் கண் தெரியவில்லையா? அறிகுறி வாரியாகப் பழுது தேடும் வழி

சென்னையில் ஒரு வாலட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கண்காணிப்புத் திரை 11 நாட்கள் பச்சையாகவே இருந்தது. நிர்வாகக் கூட்டத்தில் அதைப் பெருமையோடு காட்டவும் செய்தேன். 12ஆம் நாள் ஒரு வாடிக்கையாளர் புகாருக்காக லாக்கை, அதாவது கணினிகள் தம்மில் நடப்பதை வரி வரியாக எழுதிவைக்கும் பதிவை, தேடப்போனபோதுதான் குட்டு உடைந்தது. லாக்குகளைத் திரட்டி வெளியே அனுப்பும் கலெக்டர் சர்வரில் டிஸ்க் நிரம்பி, அத்தனை நாட்களாக ஒரு வரிகூடக் கண்காணிப்பு மையத்துக்குப் போயிருக்கவில்லை. அவர்கள் இல்லாத தரவை இரவும் பகலும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தொழிலில் சாக் என்று சொல்லப்படும் 24 மணி நேரக் கண்காணிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கும் சிறிய, நடுத்தர நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தமாக ஆள் வைத்து மூன்று ஷிப்டு நடத்துவது அந்த அளவு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. வெளியே விடுவதில் தவறில்லை. ஆனால் சேவை சரியில்லை என்று புகார் வரும் இடங்களில் நான் பார்த்தவரை கருவியோ ஆய்வாளரோ பழுதாக இருந்தது குறைவு. நாம் கொடுப்பதும் அவர்கள் வாங்குவதும் சந்திக்கும் மூட்டில்தான் பெரும்பாலும் கோளாறு. ஆகவே உங்களுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, மூட்டு மூட்டாகப் பின்னோக்கிப் போவோம்.

அறிகுறி: பல நாட்களாக ஓர் எச்சரிக்கையும் இல்லை

அமைதியை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் எந்தப் பேமென்ட் பக்கத்தையும் ஓட்டை தேடும் ஏதாவது ஒரு ஸ்கேனர் நிரல் தட்டாமல் ஒரு நாள்கூடக் கழிவதில்லை. சத்தமே இல்லை என்றால் காது அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதலில் செய்யவேண்டியது, நீங்களே ஒரு சத்தம் போடுவது. சோதனைக் கணக்கு ஒன்றில் தவறான கடவுச்சொல்லை 20 முறை அடியுங்கள். ஓர் ஊழியர் மடிக்கணினியில் ஐகார் சோதனைக் கோப்பை வையுங்கள். அது தீங்கில்லாதது, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் அடையாளம் காண்பதற்காகவே உருவாக்கப்பட்டது. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேவை நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்லவேண்டாம். டிக்கெட், அதாவது அவர்கள் பதிவு செய்து அனுப்பும் எச்சரிக்கைக் குறிப்பு, எத்தனை நிமிடத்தில் வருகிறது, வருகிறதா என்பதே விடை.

வரவில்லை என்றால், ஒவ்வொரு லாக் மூலத்துக்கும் கடைசி வரி எப்போது வந்தது என்ற பட்டியலைச் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பிறகு நான் சேர்த்த முதல் வரி இதுதான்: எந்த மூலமாவது ஒரு மணி நேரம் மௌனமானால் அதுவே ஓர் எச்சரிக்கை. பட்டியல் கையில் வந்ததும் காரணம் தேடுவது எளிது. கலெக்டரின் டிஸ்க், லாக் போகும் இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழின் காலாவதித் தேதி, சர்வரில் லாக்கை எடுத்து அனுப்பும் ஏஜென்ட் நிரல் இயங்குகிறதா, ஃபயர்வால் விதியை யாராவது மாற்றினார்களா என்று இந்த வரிசையில் பாருங்கள். சிஸ்லாக் வடிவ லாக்கை, போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யுடிபி வழியாக அனுப்பினால் தொலைந்துபோன வரிக்கு யாரும் சாட்சி இல்லை, சரிபார்க்கும் டிசிபிக்கு மாற்றுங்கள்.

ஒப்பந்தத்தில் வினாடிக்கு இத்தனை லாக் வரி, நாளைக்கு இத்தனை ஜிகாபைட் என்று வரம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வரம்பு தாண்டினால் சில அமைப்புகள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பரிவர்த்தனை அதிகமாகும் நாளில்தான் வரம்பு தாண்டும். திருடனும் கூட்டமான நாளைத்தான் தேர்ந்தெடுப்பான்.

இன்னொரு வகை மௌனம் பகுதி மௌனம். கிளவுடில் நெரிசலுக்கு ஏற்பத் தானாக எழும் சர்வர்களின் மூலப் படிவத்தில் (இமேஜ்) ஏஜென்டைச் சேர்க்க மறந்திருப்பார்கள். காலையில் எழுந்து மாலையில் அழியும் அந்த இயந்திரங்களில் நடந்தது யாருக்கும் தெரியாது. அமேசான் கிளவுடில் கிளவுட்டிரெயில் என்ற பதிவுச் சேவை இயல்பாக நிர்வாகச் செயல்களை மட்டுமே பதிவு செய்கிறது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 பெட்டியிலிருந்து யார் எந்தக் கோப்பை எடுத்தார்கள் என்ற பதிவு வேண்டுமானால் தனியாக இயக்கவேண்டும், காசும் ஆகும். வாடிக்கையாளர்களின் கேஒய்சி ஆவணங்கள் அந்தப் பெட்டியில் இருந்தால் அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எச்சரிக்கை சரியாக ஐந்தரை மணி நேரம் தாமதமாக வருகிறது

ஐந்து மணி நேரமோ ஆறு மணி நேரமோ அல்ல, துல்லியமாக 5 மணி 30 நிமிடம் என்றால் சிரித்துக்கொண்டே பழுதைச் சொல்லிவிடலாம். உங்கள் சர்வர் இந்திய நேரத்தை எழுதுகிறது. எந்த நேர மண்டலம் என்ற குறி இல்லை. வாங்கும் சீம், அதாவது எல்லா லாக்கையும் சேர்த்து விதிகளோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் மென்பொருள், அதை உலகப் பொது நேரம் என்று படிக்கிறது. காலை 10 மணிக்கு நடந்தது பிற்பகல் 3.30க்கு நடந்ததாகப் பதிவாகிறது. கடைசி 15 நிமிடங்களைத் தேடும் விதிக்கு அந்தச் சம்பவம் எதிர்காலத்தில் இருக்கிறது. காலம் அங்கே போய்ச் சேரும்போதுதான் மணி அடிக்கும்.

தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். பொது நேரத்தில் எழுதியதை இந்திய நேரமாகப் படித்தால், சம்பவம் ஐந்தரை மணி நேரம் பழையதாக வந்து சேரும். விதியின் சாளரம் தாண்டிப்போய்விட்டதால் எச்சரிக்கை ஒருபோதும் வராது. தேடினால் லாக் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. பழைய பாணி சிஸ்லாக் வடிவத்தில் மண்டலமும் கிடையாது, ஆண்டும் கிடையாது என்பதால் இந்தக் கூத்து அடிக்கடி நடக்கிறது. மண்டலக் குறியோடு நேரம் எழுதும்படி மூலத்திலேயே திருத்துங்கள். சீம் பக்கத்தில் 'ஐந்தரை கூட்டு' என்று ஒட்டுப்போட்டால் அடுத்த சர்வர் மாற்றத்தில் அது பிய்ந்துவிடும்.

கடிகாரங்கள் சில வினாடிகளோ நிமிடங்களோ விலகியிருப்பது வேறு பழுது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. சட்டத்துக்காக மட்டும் அல்ல. வெளிக் கோரிக்கைகளை வாங்கும் ஏபிஐ கேட்வேயும் டேட்டாபேஸும் வெவ்வேறு நேரம் சொன்னால், யார் முதலில் வந்தான் என்ற கேள்விக்கே விசாரணையில் விடை கிடைக்காது.

அறிகுறி: எச்சரிக்கை மழை, படிக்க ஆள் இல்லை

ஒரு மாதத்தின் எச்சரிக்கைகளை எடுத்து, எந்த விதி எத்தனை முறை அடித்தது என்று எண்ணுங்கள். நான்கைந்து விதிகளே பெரும்பகுதி சத்தத்தைப் போட்டிருக்கும்.

நம் ஊரில் முதல் குற்றவாளி பெரும்பாலும் ஐபி முகவரியை வைத்து எண்ணும் விதி. ஒரே முகவரியிலிருந்து 5 நிமிடத்தில் 10 தோல்வி என்றால் தாக்குதல் என்று எழுதியிருப்பார்கள். அலுவலகக் கணினிகளுக்கு இது சரி. ஆனால் மொபைல் சேவை நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே ஐபிவி4 முகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. சம்பளத் தேதியில் அத்தனை பேரில் பத்துப் பேர் பின் எண்ணை மறப்பது இயற்கை. எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். உண்மையான பயனர் கூட்டத்தில் பெரும்பாலானவை வெற்றி, கொஞ்சம் தோல்வி. திருடிய கடவுச்சொல் பட்டியலை வைத்து முயல்பவனிடம் ஏறக்குறைய எல்லாமே தோல்வி, கணக்குக்கு ஒன்றிரண்டு முயற்சி மட்டும். ஒரே கணக்கில் ஏழெட்டுத் தோல்வி என்றால் அது யாரோ ஒரு தாத்தாவாக இருக்கக்கூடும்.

எல்லா நுழைவும் ஒரே உள் முகவரியிலிருந்து வருவதாகத் தெரிந்தால், உங்கள் லாக்கில் பதிவாவது பயனரின் முகவரி அல்ல, கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் லோடு பேலன்சருடையது. அசல் முகவரி கோரிக்கையோடு வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பு வரியில் இருக்கும். அதன் இடது ஓரத்தில் இருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்; அதை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். உங்கள் சொந்த லோடு பேலன்சர் சேர்த்ததை மட்டும் எடுங்கள்.

பாதுகாப்பு ஓட்டைகளைச் சோதிக்க நீங்களே அமர்த்திய நிறுவனம், தள்ளுபடி விளம்பரம், புதிய செயலி வெளியீடு இவையும் மழைக்குக் காரணம். இவற்றின் நாட்காட்டியைச் சாக் குழுவுக்கு முன்கூட்டிக் கொடுப்பதில் என்ன கூச்சமோ, பல நிறுவனங்கள் கொடுப்பதில்லை. விதியை அணைக்கவேண்டி வந்தால் அணைத்தவர் பெயர், காரணம், தானாக மீண்டும் இயங்கும் தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். தேதி இல்லாமல் அணைத்த விதி அநேகமாகத் திரும்ப எழுவதில்லை.

அறிகுறி: திரையில் எல்லாம் சரி, கணக்கில் பணம் குறைகிறது

நிதி நிறுவனங்களுக்கே உரிய பழுது இது. பொதுவான சாக் சேவை மால்வேரைப் பார்க்கும், ஃபயர்வாலைப் பார்க்கும், நிர்வாகக் கணக்குகளைப் பார்க்கும். ரீஃபண்ட் என்றால் என்ன, வெளியே பணம் அனுப்பும் பேஅவுட் என்றால் என்ன, எது உங்கள் வணிகத்தில் இயல்பு என்று அதற்குத் தெரியாது. நாம் சொல்லித்தரவும் இல்லை.

புனேயின் காஸ்மாஸ் வங்கியில் 2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை நடந்ததை நினைத்துப்பாருங்கள். ஏடிஎம் கோரிக்கைகள் மைய வங்கி மென்பொருளுக்குப் போகாமலேயே, தாக்கியவர்கள் நுழைத்த போலி சுவிட்ச் ஒப்புதல் கொடுத்தது. சில மணி நேரத்தில் 28 நாடுகளின் ஏடிஎம்களிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, வங்கிகளுக்கிடையே பணமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக ஹாங்காங்குக்கு இன்னொரு தொகை. மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய். இதைப் பிடிக்க அதிநவீனக் கருவி தேவையில்லை. ஓர் எளிய கணக்கு போதும். சுவிட்ச் ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனை எத்தனை, மைய மென்பொருள் கண்ட பரிவர்த்தனை எத்தனை? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கழித்துப் பார்த்து, வித்தியாசம் வந்தால் மணி அடிக்கவேண்டும்.

உங்களிடம் ஏடிஎம் சுவிட்ச் இல்லாமல் இருக்கலாம். பேமென்ட் கேட்வே வெற்றி என்று சொன்னதும் உங்கள் லெட்ஜர் வரவு வைத்ததும் இருக்கின்றன அல்லவா? அவை இரண்டையும் கழியுங்கள். மறுநாள் காலை கணக்குப் பிரிவு செய்யும் சரிபார்ப்பின் முடிவைச் சீமுக்கு அனுப்புவது எங்கள் நிறுவனத்தில் முதலில் கேலிக்கு உள்ளானது. 'எக்செல் தாளை ஹேக்கருக்கு எதிராக நிறுத்துகிறாரா?' என்றார்கள். பிறகு ஒரு ரீஃபண்ட் முறைகேட்டை முதலில் காட்டியது அந்தத் தாள்தான்.

சாக் குழுவோடு உட்கார்ந்து வணிக விதிகளை எழுதுங்கள். பணம் பெறுபவர் புதிதாகச் சேர்க்கப்பட்ட சில நிமிடங்களில் உச்சவரம்புத் தொகை போகிறதா? ரீஃபண்ட் அசல் தொகையைத் தாண்டுகிறதா? ஒரே வணிகரிடம் அடுத்தடுத்து வரும் கார்டு எண்களில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் முயற்சிகள் குவிகின்றனவா? அது திருட்டுக் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப்பார்ப்பது. உள்நுழைந்தவருக்குக் கிடைக்கும் ஒரே டோக்கனைக் கொண்டு கணக்கு எண்களை வரிசையாக யாராவது கேட்கிறார்களா? ஒவ்வொரு கோரிக்கையும் 200 என்று வெற்றிகரமாகப் பதில் பெறும். தோல்வியைத் தேடும் விதி அதைப் பார்க்கவே பார்க்காது. பேஅவுட் ஏபிஐ சாவி வழக்கமான சர்வர் அல்லாத முகவரியிலிருந்து பயன்படுகிறதா? பதிவிடுபவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளா? ஓடிபி குறுஞ்செய்திக்கான மாதக் கட்டணம் காரணமில்லாமல் ஏறினால் அதையும் பாதுகாப்பு அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு நிரல் உங்கள் செலவில் ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறி: டிக்கெட் வருகிறது, ஒன்றும் புரியவில்லை

'10.4.7.22இல் சந்தேகத்துக்குரிய பவர்ஷெல், கவனிக்கவும்.' அவ்வளவுதான். ஆய்வாளரைத் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அந்த முகவரி செட்டில்மென்ட் சர்வரா, வரவேற்பறைக் கணினியா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொத்துப் பட்டியலை, ஒவ்வொன்றும் எதற்கு, யார் பொறுப்பு என்ற விவரத்தோடு கொடுத்து மாதந்தோறும் புதுப்பியுங்கள். பிறகு நீங்கள் டிக்கெட்டை மூடும்போது 'சரி' என்று மட்டும் எழுதாமல், ஏன் சரி என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை அந்த வரிதான் அவருக்குப் பாடம். இத்தனையும் கொடுத்த பிறகும் வெட்டி ஒட்டிய டிக்கெட்டே வந்தால், அப்போது வேறு நிறுவனம் தேடலாம்.

அறிகுறி: இரவில் அழைத்தார்கள், யாரும் எடுக்கவில்லை

இதில் தொழில்நுட்பமே இல்லை, ஆனாலும் அதிக நஷ்டம் இங்கேதான். அழைப்புப் பட்டியலில் முதல் பெயர் வேலையை விட்டுப் போனவர், இரண்டாவது எண் மேசைத் தொலைபேசி, மூன்றாமவர் எடுத்தாலும் சர்வரைத் துண்டிக்க அதிகாரம் இல்லாதவர். ஒரு ஞாயிறு அதிகாலை 3 மணிக்குச் சொல்லாமல் ஒத்திகை பாருங்கள். ஒரே அழைப்பில் எல்லாம் தெரிந்துவிடும்.

யாரையும் கேட்காமல் சாக் குழு செய்யக்கூடியவை எவை என்று எழுத்தில் கொடுங்கள். ஊழியர் மடிக்கணினியைத் தனிமைப்படுத்துவது, ஓர் ஊழியர் கணக்கை முடக்குவது, ஒரு ஏபிஐ சாவியை ரத்து செய்வது ஆகியவற்றுக்கு முன்அனுமதி தரலாம். பேமென்ட் பாதையையே நிறுத்துவதற்கு உங்கள் ஆள் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாகவேண்டும்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். செர்ட்-இன் உத்தரவின்படி, சம்பவத்தைக் கவனித்த அல்லது அது உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள பல நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியே விடுவது பற்றிய 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி இன்னும் கறாரானது: சேவை நிறுவனம் கண்டறிந்த நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தகவல் போகவேண்டும். அதாவது சாக் ஆய்வாளர் இரவு 2 மணிக்குக் கண்டுபிடித்து, நீங்கள் காலை 9 மணிக்கு மின்னஞ்சலைத் திறந்தால், கெடு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எது 'கண்டறிந்தது' ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் வரையறுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஆடிட்டர் கேட்ட பழைய லாக் இல்லை

செர்ட்-இன் கேட்பது 180 நாள், இந்திய எல்லைக்குள். கார்டு தரவைக் கையாள்பவர்களுக்கு கார்டுத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் கேட்பது 12 மாதம். அதில் கடைசி 3 மாதம் உடனே தேடக்கூடியதாக இருக்கவேண்டும். சேவை நிறுவனத்தின் இயல்பான சேமிப்புக் காலம் 30 நாளோ 90 நாளோ இருந்தால், மிச்சத்தை உங்கள் சொந்தக் கிளவுட் பெட்டியில் மலிவாக வையுங்கள். ஒப்பந்தம் முறியும் நாளில் லாக்கும் அவர்களோடு போய்விடாமலிருக்க அதுதான் காப்பு.

இதைச் சரிசெய்யும்போது லாக்குக்குள் என்ன இருக்கிறது என்றும் எட்டிப்பாருங்கள். டெவலப்பர் பிழை தேடுவதற்காக இட்ட ஒரு வரி ஓடிபியையும் கார்டு எண்ணையும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கும். அது சாக் நிறுவனத்துக்குப் போய், அவர்களின் வெளிநாட்டுச் சர்வரில் உட்கார்ந்தால், பேமென்ட் தரவு இந்தியாவில் மட்டுமே இருக்கவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 உத்தரவையும் சேர்த்து மீறியிருப்பீர்கள். மறைக்கவேண்டியதை அனுப்பும் முன்பே மறையுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு சர்வரில் மட்டும் ஏஜென்ட் நின்றுவிட்டது

மேலே சொன்ன எல்லாவற்றையும் பழுதாக எண்ணித் திருத்தலாம். இதை மட்டும் அப்படித் தொடங்காதீர்கள்.

2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் அறையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான பிரிண்டர் கோளாறு என்று நினைத்தார்கள். அதற்குள் நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டிருந்தது. பரிவர்த்தனைச் சான்றுகள் அச்சாகாமலிருக்கப் பிரிண்டரை முடக்கியவர்கள் தாக்கியவர்களே. இரண்டு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து மூன்று மோசடிப் பணமாற்றங்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்கு அனுப்பப்பட்டன. அங்கேயும் பிரிண்டர் துண்டிக்கப்பட்டிருந்தது. காலைக் கணக்குச் சரிபார்ப்பில் வங்கி அதைக் கண்டுபிடித்தது.

ஆகவே பணம் நகரும் சர்வரில் ஏஜென்ட் தானாக நின்றால், விண்டோஸ் பாதுகாப்பு லாக் அழிக்கப்பட்டதைக் காட்டும் 1102 எண் நிகழ்வு வந்தால், அல்லது மௌனத்துக்குச் சற்று முன் வழக்கமில்லாத நிர்வாகக் கணக்கு ஒன்று உள்ளே வந்திருந்தால், ரீஸ்டார்ட் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். சர்வரை அணைக்காமல் பிணையத்திலிருந்து மட்டும் பிரித்துவிடுங்கள். நினைவகத்தையும் டிஸ்க்கையும் பிரதி எடுங்கள். அந்தச் சர்வர் கடைசியாகப் பேசிய நேரத்திலிருந்து வெளியே போன ஒவ்வொரு பணமாற்றத்தையும் மறுபக்க வங்கியின் பட்டியலோடு ஒப்பிடக் கணக்குப் பிரிவை எழுப்புங்கள். சாக் குழுவைத் தொலைபேசியில் அழையுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். உங்கள் மின்னஞ்சலை வேறு யாராவது படித்துக்கொண்டிருக்கலாம். கண்டறிந்த நேரத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். 6 மணி நேரக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.